குளிர்காலப் பட்டினி யார் தலையில்? எம்பரரும் கிங்கும்

பச்சைப் புல் மேட்டில் நிற்கும் பென்குயின் படத்துக்குக் கீழே "எம்பரர் பென்குயின்" என்று போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அது கிங் பென்குயின். எம்பரர் புல்லை மிதிக்கவே மிதிக்காது; அண்டார்டிகாவைச் சுற்றி உறைந்து கிடக்கும் கடல் பனியின் மேல்தான் பெரும்பாலும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். கிங்கின் வீடு அதற்கு வடக்கே, சவுத் ஜார்ஜியா, குரோசே, கெர்குலன், மக்வாரி போன்ற தீவுகளின் கரையோரம். சேறு, புல், கூழாங்கல் என்று பனியுறையாத தரை அது.

இரண்டும் அப்டெனோடைட்டீஸ் என்ற ஒரே பேரினம். இன்று உயிரோடிருக்கும் இனங்கள் அந்தப் பேரினத்தில் இவை இரண்டே. அதனால் குழப்பம் வருவது இயல்புதான். எம்பரர் ஏறக்குறைய 115 செ.மீ. உயரம், கொழுத்த காலத்தில் 40 கிலோ வரை வரும். கிங் 90 செ.மீ. அளவு, எடை பெரும்பாலும் 10 முதல் 16 கிலோவுக்குள். ஆனால் தனியாக நிற்கும் பறவையின் படத்தில் உயரம் உதவாது. காதோரத்தைப் பாருங்கள். கிங்குக்கு அங்கே அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் கரண்டி வடிவத் திட்டு இருக்கும். அதன் விளிம்பு பிசிறில்லாமல் முடியும். எம்பரருக்கு வெளிர் மஞ்சள். கீழே இறங்க இறங்க மார்பின் வெள்ளையில் கரைந்துவிடும். கிங்கின் அலகு நீளம். எம்பரருக்கு உடல் பெரிது, ஆனால் அந்த அளவுக்கு அலகும் துடுப்புச் சிறகும் சிறியவை. வெப்பம் வெளியேறும் வழிகள் அவை, அதனால் சுருங்கியிருக்கின்றன.

குஞ்சைப் பார்த்தால் சந்தேகமே வராது. எம்பரர் குஞ்சு சாம்பல் வெள்ளி நிறம், தலை கருப்பு, முகத்தில் வெள்ளை முகமூடி. கிங் குஞ்சு தலை முதல் கால் வரை தேங்காய் நார் நிறத்தில் ஒரே பழுப்பு. பழைய கடலோடிகள் சிலர் இதைத் தனி இனமென்றே நம்பி, கம்பளிப் பென்குயின் என்று பெயர் வைத்தார்கள்.

ஒற்றுமைகளில் பெரியது, இரண்டுக்கும் கூடு கிடையாது. ஒரே ஒரு முட்டை, பாதங்களின் மேல். அடிவயிற்றுத் தோல் மடிப்பு மேலிருந்து இறங்கி அதை மூடிக்கொள்ளும். முட்டைக்கு வெப்பம் தரும் அடை இடம், இறகில்லாத வெறும் தோல், அந்த மடிப்புக்குள் இருக்கிறது. எம்பரர் முட்டை சுமார் 460 கிராம். எட்டுக் கோழி முட்டைக்குச் சமம் என்றாலும் தாயின் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கிங் முட்டை 300 கிராம் அளவு.

இந்த ஒரே ஏற்பாட்டை இரண்டும் இரண்டு விதமாகப் பயன்படுத்துகின்றன. வேறுபாட்டின் வேர் உருவத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. இவ்வளவு பெரிய குஞ்சை ஒரு குறுகிய தென்துருவக் கோடைக்குள் முட்டையிலிருந்து கடல் வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. நடுவில் ஒரு குளிர்காலத்தைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் குளிர்காலப் பட்டினியை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. எம்பரரில் அப்பா சுமக்கிறார். கிங்கில் குஞ்சு சுமக்கிறது.

எம்பரர் மே, ஜூன் மாதங்களில், குளிர் கூடிக்கொண்டே போகும்போது முட்டையிடும். சில மணி நேரத்துக்குள் முட்டை கைமாற வேண்டும். இரண்டு பறவைகளும் எதிரெதிரே மார்பு உரச நிற்கும். தாய் பாதங்களைப் பிரிக்க, முட்டை பனியில் உருளும். தந்தை அலகால் இழுத்துத் தன் பாதத்தின் மேல் ஏற்றிக்கொள்ளும். பாதம் வழுக்கினாலோ, அனுபவமில்லாத ஜோடி தடுமாறினாலோ முட்டை பனியில் கிடந்து கரு உறைந்துவிடும். இந்த ஒரு கட்டத்தில் இழக்கப்படும் முட்டைகள் நிறைய. மாற்றியதும் தாய் கடலுக்குப் போய்விடும். தந்தை சுமார் 64 நாள் அடைகாக்கும். கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் இடமான காலனிக்கு வந்த நாள் முதல் கணக்கிட்டால் ஏறக்குறைய 115 நாள் எதுவும் சாப்பிடாது. எடையில் 40 சதவீதம் வரை போய்விடும்.

அதைத் தாங்க வைப்பது நெருக்கம். ஆயிரக்கணக்கில் ஒட்டி நின்று, அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். கூட்டத்தின் உள்ளே வெப்பம் 37 டிகிரியைத் தொடும். தனக்கென்று இடம் பிடித்துச் சண்டை போடும் பறவையால் இப்படி நிற்க முடியாது. அதனால் எம்பரருக்கு எல்லைச் சண்டையே இல்லை. கிங் நேரெதிர். அடுத்த பறவையின் அலகு எட்டாத தூரத்தில் ஒவ்வொன்றும் தன் இடத்தைக் காக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் கிங் காலனி இடைவெளி அளந்து நட்ட நாற்று போலத் தெரிவது இதனால்தான்.

கிங்கில் தாயும் தந்தையும் முறை வைத்து 54 நாள் அளவில் அடைகாக்கும். கடைசி முறை பெரும்பாலும் ஆணுடையது. குஞ்சு பொரிந்தும் தாய் வரத் தாமதமானால்? கிங் தந்தை தான் பிடித்துவந்த மீனைச் செரிக்காமல் வயிற்றிலேயே மூன்று வாரம் வரை வைத்திருக்கும். 38 டிகிரி உடல் வெப்பத்தில் மீன் கெடாமலிருக்க ஸ்பெனிசின் என்ற கிருமி எதிர்ப்புப் புரதம் வயிற்றில் சுரக்கிறது. எம்பரர் தந்தையிடம் மீனே இல்லை. அது உணவுக்குழாயிலிருந்து தயிர் போன்ற ஒரு சுரப்பைக் குஞ்சுக்கு ஊட்டிச் சில நாள் தாக்குப் பிடிக்கும். ஒரே ஆபத்துக்கு ஒன்று சேமிப்பை வைத்திருக்கிறது, மற்றது தன் உடம்பையே தருகிறது. பறவைகளில் இதைவிட வியப்பான ஜோடி ஒப்பீடு குறைவு.

எம்பரர் குஞ்சு ஐந்து மாதத்தில், டிசம்பர் வாக்கில், பனி உடைந்து கடல் பக்கத்தில் வந்த நேரத்தில் இறங்கிவிடும். கிங் குஞ்சு குளிர்காலத்துக்கு முன் நன்றாகக் கொழுத்தாக வேண்டும். பிறகு பெற்றோர் வருவது அரிது. சில குஞ்சுகள் ஐந்து மாதம் வரை சாப்பாடே இல்லாமல் நிற்கும். வசந்தத்தில் மறுபடி ஊட்டம், பிறகு கடல். மொத்தச் சுற்று 14 முதல் 16 மாதம். அதனால் ஆண்டுக்கொரு குஞ்சு கிங்கால் முடியவே முடியாது. இந்த ஆண்டு குஞ்சைக் கரையேற்றிய ஜோடி அடுத்த முட்டையைத் தாமதமாகத்தான் இடும். அந்தக் குஞ்சு கொழுக்க நாள் போதாமல் பெரும்பாலும் குளிர்காலத்தில் செத்துப்போகும்.

கூடு இல்லாததால் அடையாளம் குரலில்தான். மூச்சுக்குழாயின் அடியில் இருக்கும் ஒலிப்பெட்டி இரண்டு பக்கமும் தனித்தனியாக அதிர, ஒரே கூவலில் இரண்டு சுருதி சேர்ந்து வரும். இரண்டு இனத்துக்கும் இது பொது. கல் கூடு கட்டும் அடேலி பென்குயினுக்கு இது தேவைப்படவில்லை. அதற்கு வீட்டு முகவரி இருக்கிறது.

கடலில் எம்பரர் 500 மீட்டரையும் தாண்டி மூழ்கும், அண்டார்டிக் வெள்ளி மீன், இறால் போன்ற சிறு உயிரியான கிரில், கணவாய் பிடிக்கும். கிங் 100 முதல் 300 மீட்டரில் உடலில் ஒளி விடும் சிறு மீன்களான விளக்கு மீன்களைத் தேடும்.

இப்போது இரண்டும் அடி வாங்குவதும் அந்தந்தக் காலண்டர் வழியாகத்தான். எம்பரருக்கு டிசம்பர் வரை பனி நிலைக்க வேண்டும். 2016-இல் அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் அது முன்கூட்டியே உடைந்தது. 2022-இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெலிங்ஸ்ஹவுசன் கடலிலும் அப்படியே ஆகி, ஐந்து காலனிகளில் நான்கில் ஒரு குஞ்சும் தப்பியதாகத் தெரியவில்லை. குஞ்சு இறகில் நீர் ஊறும், நீந்த முடியாது. கிங்குக்குத் தூரம் பிரச்சினை. குளிர்ந்த நீரும் வெப்ப நீரும் சந்திக்கும் துருவ முகப்பில்தான் விளக்கு மீன் திரளும். கடல் சூடாகும் ஆண்டுகளில் அந்த முகப்பு தெற்கே விலகிப் போகும். 1997-இல் அப்படி ஆனபோது குரோசே தீவுக் கிங்குகள் வழக்கத்தைவிட வெகுதூரம் நீந்தவும் ஆழமாக மூழ்கவும் வேண்டியிருந்தது, காலனியின் எண்ணிக்கையும் சரிந்தது. பெற்றோர் ஒவ்வொரு முறையும் சில நாள் தாமதமாக வந்தால், குஞ்சு போதிய கொழுப்பில்லாமல் குளிர்காலத்துக்குள் நுழைகிறது.