பழைய கான்ஸ்டலேஷன் பரிசோதனைக் குறிப்புகள்

ஜூன் 4
ஒமேகா நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன், மாடல் 168.005. அறுபதுகளின் வாட்ச், உள்ளே 561 காலிபர், அதாவது மூவ்மென்ட் எனும் உள் இயந்திரத்தின் மாடல். பழைய வாட்ச் சேகரிப்பில் பார்க்க வேண்டிய வரிசை: டயல், கேஸ் (வெளிக்கூடு), பிறகுதான் மூவ்மென்ட். நின்றுபோன மூவ்மென்ட்டைச் சர்வீஸ் செய்து மீட்டுவிடலாம். மறுபூச்சு கண்ட டயலின் பழைய முகம் திரும்பவே திரும்பாது.

இதன் பை-பான் டயலில் நடுப்பகுதி தட்டையாகவும் விளிம்பு 12 முகப்பாகக் கீழே சரிந்தும் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கண்ணில் வைக்கும் லென்ஸ்), சாய்ந்த வெளிச்சத்தில், அந்த முகப்புகள் சந்திக்கும் கோடுகளைப் பார்க்க வேண்டும். புதிய பெயின்ட் ஏறியிருந்தால் கோடு மழுங்கித் தெரியும். எழுத்துகளின் இடைவெளி சீராக இல்லையென்றாலும், அடியிலுள்ள ‘சுவிஸ் மேட்’ வரி ஒருபக்கம் ஒதுங்கியிருந்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது. லேசான மஞ்சள் படிந்த அசல் டயல், பளபளக்கும் மறுபூச்சைவிட எவ்வளவோ மேல்.

முட்களையும் மணிக்குறிகளையும் ஒப்பிட வேண்டும். குறிகளில் கறுப்பு ஓனிக்ஸ் பதித்திருந்து முட்களில் இல்லையென்றால், முட்கள் மாற்றப்பட்டிருக்கலாம்.

ஜூன் 6
கேஸ். நாய்க்கால் வடிவ லக்குகளின் (வார் மாட்டும் கால்களின்) விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். பஃப் சக்கரத்தில் பாலிஷ் போட்டால் முதலில் கரைவது அந்த விளிம்புதான். பின்மூடியில் வானாய்வகமும் எட்டு நட்சத்திரங்களும் உள்ள பதக்கம் தேய்ந்திருந்தால், கேஸின் மற்ற இடங்களிலும் உலோகம் போயிருக்கும். அசல் கிரவுனுக்கு (சாவி கொடுக்கும் குமிழுக்கு) பத்துப் பட்டைகள். பின்னாளில் மாற்றியவை பெரும்பாலும் வட்டமானவை. அக்ரிலிக் கண்ணாடியின் மையத்தில் நுண்ணிய ஒமேகா குறி இருந்தால் அது நிறுவனத்தின் கண்ணாடி.

ஜூன் 9
மூவ்மென்ட். 24 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் கற்கள்), மணிக்கு 19,800 துடிப்பு. டைம்கிராஃபரில் (துடிப்பொலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) லிஃப்ட் ஆங்கிளை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் பேலன்ஸ் எனும் ஆடும் சக்கரம் பேலட்டுடன் தொடர்பில் இருக்கும் கோணத்தை, 49 பாகையில் வைக்க வேண்டும். கருவியின் வழக்கமான 52லேயே விட்டால், 270 பாகை ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் ஒருபக்கம் சுழலும் அளவு) ஏறத்தாழ 286 என்று காட்டும். சோர்ந்த மூவ்மென்ட் நல்லதாகத் தெரிவது இப்படித்தான். முழுச் சாவியில், டயல் மேலிருக்க 270க்கு மேல் நன்று. 24 மணி நேரம் கழித்து 200க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் வறண்டிருக்கலாம். நாளுக்குச் சில நிமிடங்கள் முந்தி ஓடினால் முதலில் காந்தத்தை நீக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் ஓடும்.

கை அசைவில் சுழன்று தானாகச் சாவி கொடுக்கும் ரோட்டரின் அச்சு தேய்ந்திருக்கிறதா? ரோட்டரை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் தெரியும். பிரிட்ஜிலோ (சக்கரங்களைத் தாங்கும் தகடு) மூடியின் உட்புறத்திலோ வட்டக் கீறல் இருந்தால் ரோட்டர் உரசியிருக்கிறது.

ஜூன் 13
சர்வீஸ். வேகச் சக்கரங்களுக்கும் பேலன்ஸுக்கும் மோபியஸ் நிறுவனத்தின் 9010 எண்ணெய், மெதுவான சக்கரங்களுக்கு ஹெச்பி1300, பேலட்டின் (சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் கவை) கற்களின் முகத்தில் 9415. பேலட் அச்சு முனைகளுக்கு எண்ணெய் கூடாது. அங்கே எண்ணெய் பட்டால் ஆம்ப்ளிட்யூட் விழும். மெயின்ஸ்பிரிங் எனும் விசைச்சுருள் இருக்கும் பேரலின் சுவரில் பிரேக்கிங் கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸ் தடவினால் மெயின்ஸ்பிரிங் முன்கூட்டியே வழுக்கி, இருப்புநேரம் (முழுச் சாவியில் ஓடும் நேரம்) குறையும். வழுக்கவே வழுக்காமல் இறுகினால் பேலன்ஸ் எல்லை மீறிச் சுழன்று தட்டத் தொடங்கும், வாட்ச் தாறுமாறாக முந்தும்.

561இல் கிரவுனை இழுத்துத் தேதியை மட்டும் மாற்றும் வசதி இல்லை. அது 564 காலிபரில் வந்தது. முட்களைச் சுற்றியே தேதியைக் கொண்டுவர வேண்டும். நள்ளிரவை நெருங்கும்போது மெதுவாகச் சுற்றுவது நல்லது.