மாமன் சொத்து யாருக்கு?

செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடு ஒண்ணு பூட்டிக் கெடந்தா அதுக்கு எத்தனை பங்காளின்னு வீட்டுக்காரவுகளுக்கே சட்டுனு சொல்ல வராது, ஆனா அத்தனை பேரும் அப்பச்சி வழி, அதாவது அப்பா வழிதான், அதுல யாருக்கும் சந்தேகமே வராது. ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல குமாசி பக்கம் வேலை பாக்குற சொந்தக்காரர் ஒருத்தர் லீவுல வந்தப்ப, அங்க அசாந்தி ஆளுக கிட்ட பழைய வழக்கப்படி ஒருத்தர் செத்தா சொத்து பெத்த புள்ளைக்கு இல்ல, அக்கா தங்கச்சி மகனுக்குன்னு சொன்னாரு, கேட்டுக்கிட்டிருந்த ஆச்சிக்கு சிரிப்பு தாங்கல. இதுல சிரிக்க என்ன இருக்கு, நம்ம நாஞ்சில் நாட்டுலயே அக்கா தங்கச்சி மகனுக்குச் சொத்துப் போற மருமக்கள் வழி இருந்துச்சே.

அங்க புள்ள அம்மா குலத்துல சேரும், அந்தக் குலத்துக்கு அபுசுவான்னு பேரு. ஒரே அபுசுவாக்குள்ள கல்யாணம் கெடையாது, இங்க செட்டியார்களுக்குள்ள ஒரே கோயில் ஒரே பிரிவுல பொண்ணு எடுக்காத மாதிரிதான். நமக்கு அம்மான், அதான் தாய்மாமன், வந்து சீர் செஞ்சா போதும், அங்க அம்மான்தான் எல்லாமே.

ராஜா விஷயத்துலயும் இதே கணக்குதான், அடுத்த ராஜா யாருன்னு பேர் சொல்றது ராஜமாதா. 1900ல வெள்ளக்கார கவர்னர் போய் நான் உக்காரணும், தங்க ஆசனத்தக் கொண்டாங்கன்னு கேட்டாரு. அதுல ராஜாவே உக்கார மாட்டாரு, அந்த சனத்தோட உயிரே அதுலதான் இருக்குன்னு நம்பிக்கை. எஜிசுங்கிற ஊரோட ராஜமாதா யா அசன்தேவா சண்டைக்குக் கெளம்பிட்டாங்க. தோத்துப்போய் அவங்கள சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்துனாங்க, 1902ல அசாந்தி நாட்டையும் தங்க ஆட்சியில சேத்துக்கிட்டாங்க, ஆனா ஆசனம் மட்டும் வெள்ளக்காரன் கைக்கு சிக்கவே இல்ல.

1957ல சுதந்திரம் வந்துச்சு, கோல்ட் கோஸ்ட் கானா ஆச்சு, ராஜா பதவி மட்டும் போகல. 1992 அரசியல் சட்டம் அதுக்குப் பாதுகாப்பு குடுத்துட்டு, பதவியில இருக்கவங்க கட்சி அரசியல் பண்ணக் கூடாதுன்னும் சொல்லிருச்சு. இது எனக்குப் பிடிச்சிருக்கு.

குடும்பத்துலதான் சிக்கல். புருசன் கூட சேந்து கோகோ தோட்டத்துல பாடுபட்டவ அவரு போன பெறகு வெறுங்கையோட நிக்கிற நெலம, ஏன்னா பொண்டாட்டி வேற குலம், புள்ளைகளும் அவ குலம்தான். 1985ல சட்டம் போட்டாங்க, உயில் இல்லாமப் போனா அவரு சொந்தமா சம்பாதிச்ச வீடு பொண்டாட்டி புள்ளைகளுக்கு, மத்த சொத்துலயும் பெரும்பங்கு அவங்களுக்கு, எட்டுல ஒரு பங்குதான் பழைய வழக்கப்படி போகும். குலத்துச் சொத்துல மட்டும் கை வைக்கல.

சட்டம் வந்தா மனசு மாறிருமா என்ன. தமிழ்நாட்டுலயும் 1989லயே பூர்வீகச் சொத்துல மகளுக்கு சம பங்குன்னு வந்துருச்சு, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவுகளுக்கு மட்டும் 2005 வரைக்கும் இல்லாம இருந்துச்சு. இன்னைக்கும் பத்திர ஆபீஸ்ல போய்ப் பாருங்க, அக்கா தங்கச்சிக வரிசையா உக்காந்து, எம் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறாக, ஏன் ஆச்சின்னு கேட்டா, அதான் கல்யாணத்துக்கு அம்புட்டு சீர் சாமான் பரப்புனாகளேம்பாக.