கழிவுநீர் இணைப்பு: காகிதத்தில் 1.8 மீட்டர், நேரில் 95 சென்டிமீட்டர்

நாலு மாடி, 12 வீடு கொண்ட எங்கள் கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என மூன்று இணைப்புகளும் ஒருவழியாக வந்துவிட்டன. மின்சாரத்தைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். எங்களை அலைக்கழித்தது கழிவுநீர்.

எங்கள் குழாய் போய்ச் சேர வேண்டிய தெரு மேன்ஹோலின் (கழிவுநீர்க் குழாய்க்கான ஆள்நுழைவுக் குழி) அடிமட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டர் ஆழம் என்று கழிவுநீர் அலுவலகம் தந்த வரைபடத்தில் இருந்தது. அஸ்திவாரம் தோண்டும் முன் ஒருமுறை நேரில் அளந்துவிடலாம் என்று மூடியைத் திறக்க அனுமதி கேட்டோம். "பதிவேட்டில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு அளக்கணும்?" என்று அங்கிருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். மேலதிகாரி வரை போய்த்தான் அனுமதி கிடைத்தது. அவர்களுடைய ஆளே மூடியைத் திறக்க, சர்வேயர் மேலே நின்றபடியே அளவுகோலை இறக்கினார். (உள்ளே விஷவாயு இருக்கும், அளப்பதற்காக யாரையும் இறக்கிவிடாதீர்கள்.) கோலில் சேறு ஒட்டியிருந்த உயரத்தைப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது. கணக்குப் போட்டால் வெறும் 95 சென்டிமீட்டர். எப்போதோ பழைய குழாயை மாற்றி மேலேற்றிப் போட்டிருக்கிறார்கள், வரைபடத்தைத் திருத்தவில்லை.

எங்கள் பின்பக்கக் கழிப்பறைக் குழாய் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. மேன்ஹோல் வரை 30 மீட்டர் தூரம், 60-க்கு 1 வாட்டம் (60 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் சரிவு) என்றால் இன்னும் 50 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். மொத்தம் 1.1 மீட்டர், அதாவது மேன்ஹோலின் அடியைவிட 15 சென்டிமீட்டர் கீழே! வரைபடத்தை நம்பிக் கட்டியிருந்தால் காலத்துக்கும் பம்ப் வைத்துத்தான் கழிவை ஏற்றியிருக்க வேண்டும். கழிப்பறைகளைத் தெருப்பக்கம் நகர்த்தித் தூரத்தை 18 மீட்டராக்கினோம். இறக்கம் 30 சென்டிமீட்டர்; 90-இல் போய்ச் சேர்ந்தது. அந்த 5 சென்டிமீட்டர் மிச்சத்துக்கு நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அளந்த மட்டத்தை அனுமதிக் கடிதத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நீங்களும் வாங்கிவிடுங்கள்.

மின்சாரத்தில் ஒரே சிக்கல்தான். வீட்டுக்கு 8 கிலோவாட் வீதம் 96, லிப்டுக்கும் பம்புக்கும் 12, ஆக 108 கிலோவாட் கேளுங்கள் என்றார்கள். எல்லா வீட்டிலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. எங்கள் வடிவமைப்பாளர் வீடுகளுக்குப் பாதியும், லிப்ட், பம்புக்கு முழுசும் எடுத்து 60-இல் நிறுத்தினார். மூன்று பேஸ், 400 வோல்ட், பவர் பேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.9 என்றால் 173 ஆம்பியர் வர வேண்டிய இடத்தில் 96 ஆம்பியர். கேபிளின் தடிமனே மாறிவிடும். கருவிவாரியான பட்டியல் இல்லையென்று விண்ணப்பம் ஒருமுறை திரும்பியது, முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு, காலையில் எல்லோரும் பிடிக்கும் நேரத்தில் அழுத்தத்தை அளந்தோம். 1 பார்கூட இல்லை. 1 பார் என்பது தண்ணீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம். மேல்மாடித் தொட்டிக்கு அது எங்கே போதும்? கீழே தொட்டி வைத்தோம். அதனால் குழாயின் அளவையும், எல்லாக் குழாய்களும் ஒன்றாகத் திறக்கும் உச்சத் தேவைக்கு எடுக்காமல், தண்ணீர் வரும் நேரத்துக்குள் ஒரு நாள் தேவை நிரம்பும்படி எடுத்தோம். சின்னக் குழாயே போதுமானதாக இருந்தது.

மூன்றுக்கும் அஸ்திவாரத்தில் ஸ்லீவ் (குழாயும் கேபிளும் நுழைய விடும் உறைக்குழாய்) போட்ட பிறகே கான்கிரீட் கொட்டவிடுங்கள். கேபிளுக்கு ஒரு ஸ்லீவ் கூடுதலாகவே போடுங்கள்.