கிண்டக் கிண்டத்தான் கிண்டல்

ஊரிலேயே அதிகமாகக் கிண்டலுக்கு ஆளானது யார் என்று அப்பா கேட்டால் எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம். பதில் எல்லோருக்கும் தெரியும். அல்வா. இரண்டு மணி நேரமாக அதைப் போட்டுக் கிண்டுகிறோம் அல்லவா, அதனால்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது முதல்முறை கேட்டேன், இப்போது எனக்குக் காது ஓரத்தில் நரை வந்துவிட்டது, இன்னமும் தீபாவளிக்கு முந்தின நாள் உருளியில் கோதுமைப்பால் விழுந்த கையோடு அந்தக் கேள்வி வந்துவிடும். வராத வருஷம் அல்வா சரியாக வராது என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

கடி ஜோக்கைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. கேட்டவர் "ஐயோ, போதும்" என்று தலையில் கை வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிற மாதிரி பாவனை செய்ய வேண்டும், சொன்னவர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் வந்து இடித்துக்கொள்ளும் அந்த இடம்தான் அதன் உயிர். சிலேடை என்று புலவர்கள் வெண்பாவில் செய்த வேலையை எங்கள் அப்பா ஜங்ஷனுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் செய்வார். "ஏல, பாளையங்கோட்டைக்காரங்க ஏன் ஊரு பேரைப் பாளைன்னு மட்டும் சொல்லுதாங்க?" "ஏன்ப்பா?" "கோட்டையை விட்டுட்டாங்க." பழைய கோட்டையும் இன்றைக்கு மிச்சம் மீதியாகத்தான் அங்கங்கே நிற்கிறது என்பதால் எனக்கு இது இரட்டிப்பாகப் பிடிக்கும். நடத்துநர் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழிக்காமல் அப்படியே ஒரு நொடி நின்றார். அதுதான் கடி ஜோக்குக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை.

இப்படிப் பார்த்தால் "அல்வா கொடுத்துட்டான்" என்பது எனக்கு ஜோக்காகவே படவில்லை. சென்னையில் வேலை பார்த்த ஆறு வருஷமும், ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் அரைக்கிலோ பொட்டலத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோவேன், காகிதத்தில் நெய் ஊறிப் பையெல்லாம் மணக்கும், பிரித்து வைத்த உடனே யாராவது ஒருவர் "பாத்தியா, நெல்லைக்காரன் அல்வா கொடுக்கிறான்" என்பார். அதில் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லோடும் இடிக்கவில்லை. ஏமாற்றுவதற்குப் போய் அல்வாவின் பெயரை வைத்தார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. எங்கள் பக்கம் ஒருத்தர் வீட்டுக்கு அல்வா கொண்டுபோனால் அந்த வீட்டின் மேல் அத்தனை பிரியம் என்று அர்த்தம். அப்பாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினபோது "நம்ம ஊர்ல குடுத்தா அன்பு, வெளியூர்ல குடுத்தா வம்பு" என்றார். எதுகை பரவாயில்லை, ஆனால் கடியில் சேராது.

எனக்குக் கருவிகள் மேல் ஆசை. சம்பளம் வந்த வாரத்தில் புதிதாக ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்துவிடும், அப்பாவும் அதற்கு ஒரு ஜோக்கோடு தயாராக இருப்பார். முதன்முதலில் நான் செல்போன் வாங்கினபோது "வீட்டுக்குள்ள செல் வந்துட்டா எல்லாத்தையும் அரிச்சிரும்ல, ஜாக்கிரதை" என்றார். அன்றைக்கு அம்மாகூடச் சிரித்துவிட்டாள். பவர் பேங்க் வாங்கினபோது "இந்த பேங்க்ல எவ்வளவு போட்டா எவ்வளவு வட்டி?" என்று கேட்டார். நான் நிஜமாகவே உட்கார்ந்து விளக்கினேன். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று மேலே போட்டிருப்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு, போனுக்கு அது 5 வோல்ட்டாக உயர்ந்து வரும்போதே கணக்கு 7,400 ஆகிவிடும், அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், கடைசியில் ஆறாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தால் நல்ல சரக்கு. அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "பத்தாயிரம் போட்டு ஆறாயிரம் எடுக்கதுக்கு ஒரு பேங்கா?" என்றார். இது மட்டும் கடி இல்லை, சரியான கேள்வி.

போன தீபாவளிக்கு மூன்று கருவிகள் வாங்கி வைத்திருந்தேன். எடை போடும் எலெக்ட்ரானிக் தராசு ஒன்று, தொடாமலே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரியான வெப்பமானி ஒன்று, பாத்திரத்துக்குள் மூன்று காலோடு இறக்கிவிட்டால் தானாகச் சுற்றிக் கிண்டும் கருவி ஒன்று. தூத்துக்குடியிலிருந்து அக்காவும் அத்தானும் மருமகளும் வந்திருந்தார்கள். அத்தான் வந்தால் மக்ரூன் டப்பா வராமல் இருக்காது. முட்டை வெள்ளைக் கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து முந்திரிப் பொடி சேர்த்துச் சுட்ட சமாச்சாரம், வாயில் போட்டால் கரைந்துவிடும், ஐப்பசி மழைக் காற்று பட்டால் அதைவிட வேகமாக நமுத்துவிடும், அதனால் டப்பாவை இறுக்க மூடிப் பரண் ஓரத்தில் வைத்தோம்.

தராசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வாங்கினதிலேயே உருப்படியான பொருள் அதுதான். எங்கள் வீட்டில் அளவு என்றால் உழக்கு, உரி, படி. ஆச்சி காலத்துப் பித்தளை உரி ஒன்று அடி நசுங்கி இருக்கிறது. அதில் கூம்பாகக் குவித்து ஒரு உரி சம்பா கோதுமை என்று அம்மா சொன்னாள். நாலாம் வகுப்பு படிக்கும் என் மருமகள், "ஆச்சி, கோதுமையை எப்படி உரிக்கது?" என்று கேட்டாள். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். அப்பா மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புதுசாகச் சேர்ந்த பையனைப் பார்க்கிற மாதிரி. உரியைத் தராசில் வைத்துச் சுழி பொத்தானை அமுக்கினால் பாத்திரத்தின் எடை கழிந்துவிடும், அப்புறம் கோதுமை மட்டும். 612 கிராம். அக்கா குவித்தால் 590. ஆக அம்மா கையால் அல்வா கொஞ்சம் கூடுதலாக வருவதற்குக் காரணம் இவ்வளவு வருஷம் கழித்துப் புரிந்தது. சீனி இரண்டரை மடங்கு, நெய் கோதுமை எடைக்குக் குறையாமல். எல்லாவற்றையும் குறித்து வைத்துவிட்டேன்.

கோதுமையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டுக் காலையில் கிரைண்டரில் ஆட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடிகட்டி மூன்று தடவை பால் எடுக்க வேண்டும். பிழியப் பிழியச் சக்கை ரப்பர் மாதிரி இழுபடும். கோதுமையின் பசையெல்லாம் பெரும்பாலும் அதோடு போய்விடும், பாலில் இறங்குவது மாவுச்சத்து. அந்தப் பாலை மதியம் வரை அசையாமல் வைத்தால் மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், அதை மெல்லச் சாய்த்துவிட்டு அடியில் கெட்டியாக நிற்பதைத்தான் எடுப்போம். இதற்கெல்லாம் தாமிரபரணித் தண்ணீர்தான் வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. சென்னையில் ஒருமுறை இதே அளவில் கிண்டிப் பார்த்தேன், ருசி சேரவில்லை, அதனால் நானும் அம்மா கட்சிதான்.

சீனிப்பாகு கொதிக்கும்போது துப்பாக்கியை எடுத்தேன். முதலில் தேய்த்துப் பளபளவென்று இருந்த உருளியின் வெளிப்பக்கத்தில் பிடித்தால் ஐம்பதுக்குப் பக்கத்தில் காட்டியது. உள்ளே பாகு குமுறுகிறது. கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன், அப்புறம்தான் விஷயம் நினைவுக்கு வந்தது. பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டுதான் அது சூட்டைக் கணக்குப் போடுகிறது, மினுக்கும் உலோகம் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும், கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைத்தான் காட்டும். பாகின் மேலேயே பிடித்தபோது ஆவிக்கு நடுவில் நூறுக்கும் நூற்றைந்துக்கும் இடையே எண் ஆடியது. அப்பா விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டை எடுத்து, கட்டைவிரலால் தொட்டு இழுத்து, கம்பி வந்ததைக் காட்டினார். ஒற்றைக் கம்பிப் பதம். கருவியும் கையும் ஒன்றையே சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாலை ஊற்றின பிறகு கையை எடுக்க முடியாது. மாவுச்சத்து வெறும் தண்ணீரிலேயே அறுபது டிகிரியை ஒட்டி வீங்கிக் கெட்டிப்பட ஆரம்பித்துவிடும், ஒரு நிமிஷம் விட்டால் கட்டி தட்டிவிடும். இங்கேதான் மூன்று கால் கருவியை இறக்கினேன். பாயசத்துக்கும் பால் காய்ச்சவும் அதை ஏற்கெனவே வைத்துப் பார்த்திருக்கிறேன், அருமையாக வேலை செய்யும். அல்வாவிலும் முதல் இருபது நிமிஷம் நன்றாகத்தான் சுற்றியது. எல்லோரும் அடுப்பை விட்டு நகர்ந்தோம். அக்கா போனை எடுத்தாள், அத்தான் கூடத்துக்குப் போய்விட்டார், அம்மா துணி மடிக்க உட்கார்ந்தாள், அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை அவர் இன்னும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அல்வா இறுக ஆரம்பித்ததும் கால்கள் ஒரே இடத்தில் வழுக்கின, மோட்டார் முனகியது, நின்றுவிட்டது. "மக்ரூனைப் பாத்ததும் மிஷின் மக்கர் பண்ணிட்டு" என்றார் அப்பா. கூடத்திலிருந்து அத்தான் "மாமா!" என்று கத்தினார். அவ்வளவுதான், எல்லோரும் திரும்ப அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். நீளக் கரண்டியை அப்பா முதலில் பிடித்தார், பத்து நிமிஷத்துக்கு ஒரு கை மாற்றினோம். தனியாக வறட்டுச் சட்டியில் சீனியைப் போட்டு, தண்ணீர் சேர்க்காமல் உருக்கித் தேன் நிறத்தைத் தாண்டிச் சிவக்க விட்டு உள்ளே ஊற்றினோம், அதுதான் நிறம். நெய்யை அம்மா ஒவ்வொரு கரண்டியாக விட்டுக்கொண்டே இருந்தாள், விட்டதெல்லாம் உள்ளே போனது, திரும்ப விட்டாள், திரும்ப உள்ளே போனது. "ஊரிலேயே அதிகமாக..." என்று அப்பா தொடங்கினார். "ஐயோ, தெரியும்!" என்று எல்லோரும் ஒரே குரலில்.

ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும், வெளியே மழை பிடித்தது, கரண்ட் போய்விட்டது. போன் டார்ச்சை அடித்து அலமாரித் தட்டில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். உருளி மட்டும் வெளிச்சத்தில், சுற்றி எல்லோரும் நிழல். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் சாயங்காலம் விற்கிற கடைக்கு இருட்டுக்கடை என்று பெயர் வந்த கதை இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா சொல்வதற்கு முன்னால் அம்மா சொல்லிவிட்டாள்: "இப்பதான் இது அசல் இருட்டுக்கடை." அப்பா அசந்துபோய் நின்றார். அம்மா கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நெய்ச் சட்டியைப் பார்க்கப் போனாள்.

அப்புறம் அது நடந்தது. உள்ளே போன நெய்யெல்லாம் ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. அல்வா உருளியை விட்டு மொத்தமாகச் சுருண்டு கரண்டியோடு வந்தது, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பின்பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக இருந்தது. நான் துப்பாக்கியை நீட்டி அதன் மேல் சிவப்புப் புள்ளியை வைத்தேன். மருமகள் என் முழங்கைக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, அல்வா ஏன் இவ்வளவு சுடுது தெரியுமா?"

"ஏன் தாயி?"

"மாமா துப்பாக்கியால சுட்டுட்டாங்க."

அக்கா தலையில் கை வைத்தாள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா "போச்சு, இன்னொண்ணு கிளம்பிட்டு" என்றாள். அப்பா சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, வாழை இலைத் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, கரண்டி நுனியால் ஒரு விள்ளல் எடுத்து வைத்து, எங்களுக்கெல்லாம் முன்னால் அவள் கையில் கொடுத்தார்.

"ஊதித் தின்னு தாயி. சுட்டதுல்லா."