மணிக்கட்டு உடைந்தபோது முதலில் வந்த பயம்

2023 டிசம்பர். லத்தேரி தாண்டி குடியாத்தம் நோக்கி வண்டியில் வந்துகொண்டிருந்தேன். நாய் ஒன்று குறுக்கே பாய, பிரேக் அடித்ததில் சரளைக் கல்லில் சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்து நின்றது. அதைப் பார்த்ததும் எலும்பைப் பற்றிய கவலை வரவில்லை. "இப்ப வலிக்கு எதைக் கொடுப்பாங்களோ" என்ற பயம்தான் முதலில் வந்தது.

காரணம் சொல்கிறேன். பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனது. 2014-ல் மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் ஒரு காப்ஸ்யூல் கொடுத்தார்கள். மார்ஃபின் வகை வலி மருந்தான டிரமடால், 50 மி.கி. வலி போனதோடு மனசும் லேசானது. ராத்திரிக்கு ஒன்று என்று தொடங்கியது, நான்கே வருடத்தில் நாளைக்குப் பதினாறு ஆனது. மேலே சாராயமும் சேர்ந்தது. 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. 2019-ல் பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்தேன். அளவு மீறினால் அந்த மருந்து வலிப்பைக் கொண்டுவரும் என்று வேலூர் பாகாயத்தில் டாக்டர் சொல்லித்தான் தெரியும். சிகிச்சை, பிறகு வாரம் இரண்டு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) மீட்டிங் என்று நான்கு வருடம் சுத்தமாக இருந்தேன். அந்த நான்கு வருடம்தான் சரளையில் கிடந்தபோது என் கண் முன்னால் வந்தது.

மச்சான் என்னைப் பக்கத்து ஊர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா, பழக்கம் ஏதாவது உண்டா" என்று கேட்டார்கள். பக்கத்தில் மச்சான். "ஒன்னுமில்லை" என்றேன். இதில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். நர்ஸ் ஊசியை எடுத்து வரும்போது டிரமடால் என்ற பெயர் காதில் விழுந்தது. வாயில் எச்சில் ஊறியது. நான்கு வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. "ஊசியே வேணாம், கட்டு மட்டும் போடுங்க" என்று காரணம் சொல்லாமல் எழுந்துவிட்டேன். பட்டி வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ராத்திரியை வைராக்கியத்தாலேயே தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பாராசிட்டமால்கூடப் போடவில்லை. மாத்திரை என்றாலே பாவம் என்று ஒரு எண்ணம். கை விரல்கள் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கின. மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மூன்று மணி இருக்கும். அப்போதுதான் கவனித்தேன், குடியாத்தத்தில் எந்த மெடிக்கல் கடையை முதலில் திறப்பார்கள், கல்லாவில் யார் இருப்பார்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கால் நடுங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏ.ஏ.வில் என் ஸ்பான்சராக, அதாவது எனக்கு வழிகாட்டும் மூத்த தோழராக இருக்கும் அண்ணாவுக்குப் போன் போட்டேன். ரிங் போன உடனே எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊசி வேணாம்னு சொன்னது சரிதான்பா. ஆனா வலியை அப்படியே வெச்சுகினு உட்கார்ந்திருக்கியே, அதுதான் இப்ப உன்னைக் கடைக்கு இழுக்குது. விடிஞ்சதும் வேலூர் போ. டாக்டர்கிட்ட ஒன்னு விடாம சொல்லு" என்றார். வேறொரு தோழர் முன்பு ஒரு மீட்டிங்கில், "ஆபரேஷன்ல மார்ஃபின் போட்டா அன்னியோட நீ சுத்தமா இருந்த நாள் கணக்கு பூஜ்யம்" என்று யாரிடமோ சொல்லியிருந்தார். அது எனக்குள் முள்ளாக இருந்தது. அதையும் கேட்டேன். "டாக்டர் பார்த்து, தேவைக்குக் கொடுக்கறது சறுக்கல் இல்லை. நம்மில் யாரும் இன்னொருத்தருக்கு டாக்டர் ஆகக் கூடாது, ஏ.ஏ.வே அப்படித்தான் சொல்லுது" என்றார்.

காலையில் மனைவியோடு பஸ் ஏறினேன். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என்று ஒவ்வொரு வேகத்தடையும் எலும்பில் இடித்தது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, தட்டு வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒரு அம்மா. மச்சான் பக்கத்தில் இல்லை, ஆனாலும் தொண்டை அடைத்தது. "மேடம், நான் டிரமடாலுக்கும் குடிக்கும் அடிமையா இருந்தவன். நாலு வருஷமா எதுவும் இல்லை. வலியை எப்படி ஆத்தறதுன்னு முன்னாடியே பேசணும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அந்த நாற்காலிச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

அவர் முதலில் கேட்டது, "நால்ட்ரெக்ஸோன் இப்ப சாப்பிடறீங்களா?" போதை ஆசையை அடக்க அந்த மாத்திரையை முதல் வருடம் சாப்பிட்டேன், பிறகு நிறுத்தியாயிற்று. அது உடம்பில் இருந்தால் மார்ஃபின் வகை மருந்து வேலை செய்யாது, அதனால் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே டாக்டர் சொல்லி நிறுத்த வேண்டும். இப்போது அதைச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இரண்டாவதாக, நான்கு வருட இடைவெளியில் என் உடம்பின் தாங்கும் சக்தி முழுக்க இறங்கியிருக்கும் என்றார். அன்றைக்கு நான் விழுங்கிய அளவை இன்றைக்கு விழுங்கினால் மூச்சே நின்றுவிடலாம். திரும்பப் போதைக்குப் போனவர்களில் பலர் செத்தது இப்படித்தான் என்று அவர் சொல்லும்போது மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்துக் கையின் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். கை அடுத்தவருடையது மாதிரி ஆனது. ஆபரேஷன் முடிந்து ராத்திரி வரை வலி துளியும் இல்லை. அங்கேதான் கவனம் வேண்டும். மரப்பு விடும்போது வலி திடீரென்று முழு வேகத்தில் வரும். அதனால் மரப்பு இருக்கும்போதே பாராசிட்டமாலைத் தொடங்கிவிட்டார்கள். வலி வந்த பிறகு துரத்தக் கூடாது, மணி பார்த்துப் போட வேண்டும். குடித்த ஈரல் என்பதால் ரத்தம் எடுத்துப் பார்த்து, எனக்கு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது என்றார்கள். கிட்னி நன்றாக இருந்ததால் நான்கு நாளைக்கு மட்டும் வீக்கம் குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு, வயிற்றுக்கு ஒரு மாத்திரையோடு. கையைத் தலையணை மேல் உயர்த்தி ஐஸ் ஒத்தடம்.

அப்படியும் இரண்டாம் நாள் ராத்திரி தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். டாக்டரைக் கூப்பிட்டுப் பேசியபின் சின்ன அளவில் மார்ஃபின், நர்ஸ் கையால், ஒரே ஒரு தடவை. போடும் முன் அண்ணாவுக்குச் சொன்னேன். மனைவி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வலி இறங்கியது. அந்தப் பழைய இதமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மறைக்க மாட்டேன். அதையும் காலையில் இரண்டு பேரிடமும் சொன்னேன். சொன்னதும் அதன் பலம் பாதியானது.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு விஷயம் நடந்தது. சீட்டில் வலிக்கு என்று ஒரு பிராண்டு பெயர் இருந்தது. பார்மசியில் அட்டையைத் திருப்பிப் படித்தேன். பாராசிட்டமால் 325 மி.கி., கூடவே டிரமடால் 37.5 மி.கி. வழக்கமாக எல்லோருக்கும் எழுதுவதை எனக்கும் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த நொடி ரொம்ப நீளமானது. சீட்டு டாக்டர் கொடுத்தது, கேட்பார் யாருமில்லை. மனைவியிடம் அட்டையை நீட்டி, "இதுல அது இருக்கு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அங்கே சீட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார்கள். கலவை மாத்திரைகளில் பிராண்டு பெயரை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வீட்டில் மாத்திரையெல்லாம் அவள் பொறுப்பு. பீரோவில் பூட்டிவைத்து வேளைக்கு வேளை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். நான் கேட்டுத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு நாள், "என்னைப் போலீஸ் ஆக்காதீங்க, பழைய நாளெல்லாம் ஞாபகம் வருது" என்று அழுதாள். அவளுக்கும் இது எத்தனை பாரம் என்று அன்றுதான் உறைத்தது. பிறகு மறுநாளைய மாத்திரையை முன் ராத்திரியே இரண்டு பேரும் சேர்ந்து எடுத்து வைத்தோம்.

பிசியோதெரபி மூன்று மாதம். சூடான மெழுகில் கையை முக்கி எடுப்பது, பந்தை அமுக்குவது, ஈரத்துண்டைப் பிழிவது. நடுவில் விரல்களில் எரிச்சல் வந்தது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபாலினையும் சிலர் போதைக்குச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் டாக்டர் ராத்திரிக்குக் குறைந்த அளவில் வேறு மாத்திரை கொடுத்தார்.

ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட ஆள் இல்லாதவர்களுக்கு 14446 இருக்கிறது. போதை மீட்புக்கான அரசு எண், காசு கிடையாது.

போன ஜூலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. மச்சான்தான் வண்டியில் கூட்டிப்போனார். பல் டாக்டர் விளக்கை இழுப்பதற்கு முன்பே, அவர் பக்கத்தில் நிற்கும்போதே, எல்லாம் சொல்லிவிட்டேன். டாக்டர் தலையாட்டிவிட்டு ஈறில் ஊசி போட்டார். இரண்டு நாள் பாராசிட்டமால். மூன்றாம் நாள் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.