வயலுக்குள்ளால் ஒரு நடை: இங்கிலாந்து போகிற திருகோணமலை ஆட்களுக்கு

பிள்ளைகளிடம் இங்கிலாந்து போனால் லண்டனோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு வயல்வழியே நடப்பதுதான் அந்த நாட்டின் மிக நல்ல அனுபவம்.

முதலில் வேண்டியது, பிரித்தானிய நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடம். அளவு 1:25,000; 4 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். பச்சை நிறக் குறுங்கோடுகள் நடைபாதை. கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பென்றால் குதிரையும் சைக்கிளும் வரும்.

பாதை தனியார் காணிக்குள் போகும். தயங்க வேண்டாம், அது சட்டம் தந்த வழியுரிமை. வயலின் நடுவே போகும் பாதையை விதைப்புக்கு உழுதால், கமக்காரர் 14 நாளுக்குள் குறைந்தது 1 மீற்றர் அகலத்துக்கு அதைத் திரும்பச் சீராக்க வேண்டும்.

வேலிகளில் மரக்கடவை, அதாவது ஏறிக் கடக்கும் மரப்படி, இருக்கும். ஈரப்பலகை பாசி பிடித்து வழுக்கும். தூணைப் பிடித்து, பலகையின் நடுவில் மிதிக்காமல் தூணோரமாகக் காலை வையுங்கள். பூட்டிய படலையில் ஏற நேர்ந்தால் பிணைச்சல் பக்கம் ஏறுங்கள், மறுபக்கம் தொய்ந்துவிடும். திறந்த படலையைத் திறந்தபடியும் மூடியதை மூடியும் விடுங்கள்.

நம் தெருவில் படுத்திருக்கும் மாடுகளை நினைத்து அங்கே கிட்டப் போகாதீர்கள். கன்றோடு நிற்கும் பசு பாயும். தாய்க்கும் கன்றுக்கும் இடையில் புகாமல் சுற்றிப் போங்கள். உங்களோடு நாயும் வந்திருக்க மாடு துரத்தினால், நாயின் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள்.

உப்புவெளிக் கடற்கரை மணலுக்குப் போடும் செருப்பு அந்தச் சேற்றுக்கு உதவாது. கணுக்காலை மூடும் சப்பாத்து வேண்டும். காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கும் செடி பாதையோரம் நிற்கும், நீளக் காற்சட்டை போடுங்கள். 5 கிலோமீற்றருக்கு 2 மணித்தியாலம் ஒதுக்குங்கள். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கே இருட்டும். ஞாயிறுகளில் கிராமத்து பஸ் அரிது. திரும்பும் நேரத்தைப் புறப்பட முன்னரே பாருங்கள்.