பிராண்டன் சட்டம்: யாரிடம் கேட்பது, எங்கே சிக்கும்

அமெரிக்கத் தரைப்படையில் ஈ-5 என்ற பதவிப் படியில் இருப்பவர் சார்ஜென்ட், கடற்படையில் செகண்ட் கிளாஸ் பெட்டி ஆபீசர். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனைத் தினமும் காலையில் பார்த்து, முகம் வாடியிருந்தால் கவனிக்கிறவர் பெரும்பாலும் இந்த ஈ-5தான். ஆனால் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமையைப் படையினருக்குத் தரும் பிராண்டன் சட்டத்தின் கணக்கில், அவரிடம் கேட்டது சேராது. "ஈ-5க்கு மேற்பட்ட" சூப்பர்வைசர் அல்லது கமாண்டர் என்கிறது சட்டம். ஈ-6 என்றால் தரைப்படையில் ஸ்டாஃப் சார்ஜென்ட், கடற்படையில் ஃபர்ஸ்ட் கிளாஸ், விமானப்படையில் டெக்னிகல் சார்ஜென்ட். கால் தடுக்கும் முதல் இடம் இது. நல்ல சார்ஜென்ட் என்றால் "வா, நானும் வருகிறேன்" என்று கையோடு மேலே கூட்டிப் போவார். இல்லையென்றால் பேச்சு அவரோடு நின்றுவிடும், கேட்டவனோ கேட்டாகிவிட்டது என்று நினைத்துக் காத்திருப்பான்.

வர்ஜீனியாவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் 2018 ஜூனில், 21 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட மாலுமி பிராண்டன் கசெர்ட்டாவின் பெயரில் வந்த சட்டம் இது. பெற்றோர் விடாமல் அலைந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் சேத் மோல்டனும் மேலவையில் மார்க் கெல்லியும் மசோதாவை எடுத்துப் போனார்கள். கடைசியில் தனிச் சட்டமாக வராமல், 2022 நிதியாண்டின் பாதுகாப்புச் செலவு அங்கீகாரச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக நுழைந்து, 2021 டிசம்பர் 27 அன்று கையெழுத்தானது. பென்டகன் நடைமுறை உத்தரவு போட்டது 2023 மே 5 அன்று. நடுவில் பதினாறு மாதம். சட்டம் இருந்தது, அதைக் கையில் எடுக்க வழி இல்லை. ராணுவ மனநலச் சட்டங்களில் இந்த இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நடைமுறை எளிது. முப்பது நாளுக்கு மேற்பட்ட ஆக்டிவ் டியூட்டியில், அதாவது முழுநேரப் படைப்பணியில் இருப்பவர்களுக்கு முதல் கட்டத்திலேயே இந்த உரிமை வந்தது. எந்த நேரத்திலும், எந்தச் சூழலிலும், எந்தக் காரணத்துக்காகவும் கேட்கலாம். "எனக்கு மனநலப் பரிசோதனைக்கு ரெஃபரல் வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும். "பிராண்டன் ஆக்ட்" என்று பெயரைச் சேர்த்துச் சொன்னால் எதிரே இருப்பவருக்குக் குழப்பம் இருக்காது. காரணம் சொல்லத் தேவையில்லை. சூப்பர்வைசர் செய்ய வேண்டியது கூடிய விரைவில் மனநல நிபுணரிடம் அனுப்புவதும், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்று தெரிவிப்பதும்தான். "இப்போது இது அவசியமா, பயிற்சி முடியட்டுமே" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

"ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்பவர் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, அக்கறையிலும் கேட்பார்கள். அப்போதும் "அதை டாக்டரிடம் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ரகசியம் எவ்வளவு தூரம்? இங்கேதான் மேடைப் பேச்சுக்கும் விதிக்கும் தூரம் அதிகம். ராணுவத்தில் மருத்துவர் சும்மா கமாண்டருக்குத் தகவல் சொல்லக்கூடாது என்பது பொது விதி. விதிவிலக்குகள் உண்டு: தனக்கோ பிறருக்கோ ஆபத்து, குறிப்பிட்ட பணிக்கு ஆபத்து, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ப்பது, அணு ஆயுதப் பொறுப்பு போன்ற சிறப்புப் பணியில் இருப்பது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைத் திட்டத்தில் சேர்வது. அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்ல வேண்டும், குடும்பக் கதை முழுவதும் போகாது. ஆனால் ரெஃபரல் கேட்டதே ஒரு சூப்பர்வைசர் வழியாக என்பதால், நீங்கள் போகிறீர்கள் என்ற செய்தி குறைந்தது ஒருவருக்குத் தெரிந்துதான் இருக்கும். அதுகூட வேண்டாம் என்றால் நேராக மனநல கிளினிக்குக்குப் போகலாம், அல்லது சாப்ளினிடம், அதாவது ராணுவ மதகுருவிடம் போகலாம். சாப்ளினிடம் சொன்னது உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே வராது. மேலே சொன்ன விதிவிலக்குகளும் அவருக்கு இல்லை. கடவுள் நம்பிக்கை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அவசரம் என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். அமெரிக்காவுக்குள் 988 அழைத்து 1 அழுத்தினால், படையில் இருப்பவர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்குமான நெருக்கடி உதவி எண்ணுக்குப் போகும். 838255 எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு டெலி மானஸ் 14416.

அடுத்த பயம் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி போய்விடுமோ என்பது. கவுன்சலிங் போனதை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றித் தப்பாக முடிவு கட்டக்கூடாது என்று கிளியரன்ஸ் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. இந்தப் பயம் நமக்கும் அந்நியமில்லை: குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகப் படையில் சேர்க்க 2008இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்த நம்மவர்களும் அமெரிக்கச் சீருடையில் இருக்கிறார்கள். "மனநல டாக்டரைப் பார்த்தான்" என்ற பேச்சு ஊர்வரை போய்விடுமோ என்ற பயம் நம் வீடுகளில் எப்படிப்பட்டது என்று சொல்லவே வேண்டாம். விதியை அச்செடுத்து வைத்தாலும் அந்தப் பயம் போகாது, ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தையாவது குறைக்கும்.

இன்னொரு சிக்கல்: சட்டம் உறுதி தருவது பரிசோதனைக்குத்தான். அதற்குப் பிறகான தெரபிக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தத் தளத்தில் எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விமானந்தாங்கிக் கப்பலில் உளவியலாளர் இருப்பார். அதைவிடச் சிறிய போர்க்கப்பலான டெஸ்ட்ராயரில் மருத்துவத்துக்கே பொதுவாக டாக்டர் கிடையாது, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரான கார்ப்ஸ்மேன்தான். 2022 ஏப்ரலில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மாலுமிகள் மூவர் ஒரு வாரத்துக்குள் தற்கொலையால் இறந்தபோது, அந்தக் கப்பல் கடலில் இல்லை. நியூபோர்ட் நியூஸ் கட்டுமானத் தளத்தில் வருடக்கணக்கில் பராமரிப்புக்காக நின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கும் தூசிக்கும் நடுவில் குடியிருந்தவர்களும் உண்டு. அங்கே ரெஃபரல் படிவத்தைவிட முதலில் தேவைப்பட்டது உறங்க ஓர் அறை.

2014இன் ஜேக்கப் செக்ஸ்டன் சட்டம் வருடாந்திர மனநல மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் கேள்வித்தாளில் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு வெளியே வரத் தெரியாத சிப்பாய் யார்?

யாரும் தொட விரும்பாத பக்கம் துப்பாக்கி. 2023இல் அமெரிக்கப் படைகளில் 523 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அவர்களில் ஆக்டிவ் டியூட்டியில் இருந்தவர்கள் 363 பேர். ஆக்டிவ் டியூட்டி இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் துப்பாக்கியால். நெருக்கடியான சில நிமிடங்களில் ஆயுதம் எட்டாத தூரத்தில் இருந்தால் உயிர் பிழைக்கிறது. தடுப்புத் துறையில் இதைப் போல் உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. அப்படியிருந்தும் 2011 நிதியாண்டின் சட்டம், படையினரின் சொந்தத் துப்பாக்கிகள் பற்றிய தகவலைத் திரட்டவே ராணுவத்துக்குத் தடை போட்டது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கமாண்டர்கள் கேட்கவே தயங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து அதைத் திருத்தினார்கள்: தற்கொலை அபாயம் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் கமாண்டரும் மருத்துவரும் கேட்கலாம்.

2023 பிப்ரவரியில், ராணுவத்தில் தற்கொலைத் தடுப்பை ஆராய்ந்த சுயாதீன ஆய்வுக் குழு 127 பரிந்துரைகளைக் கொடுத்தது. ராணுவ வளாகங்களில் துப்பாக்கி வாங்க 25 வயது, வாங்கியதைக் கையில் தர ஏழு நாள் காத்திருப்பு என்பவையும் அதில் உண்டு. செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இவை இல்லை. மற்றவற்றுக்குக் குழுவும் பயிற்சியும் கிடைத்தன.

மிச்சம் இருப்பது விருப்பத்தின் பேரில் ஒப்படைப்பது. பாரக்ஸில், அதாவது தளத்துக்குள் உள்ள படையினர் விடுதியில் தங்குபவர் சொந்தத் துப்பாக்கியை யூனிட்டின் ஆர்ம்ஸ் ரூமில் வைத்தாக வேண்டும். வெளியே வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவராகக் கேட்டால்தான், அல்லது பக்கத்தில் இருப்பவர் "சாவியை நான் கொஞ்ச நாள் வைத்திருக்கட்டுமா?" என்று கேட்டால்தான்.